சீமோன் தட்டிப் பார்த்த பனி

மல்வேர்ன் பக்கத்துத் தமிழர் சீமோனுக்கு வைத்த பட்டப்பெயர் 'பனிச் சாத்திரி'. ரொறன்ரோ போன்ற தட்டை ஊரில் இருந்துகொண்டு பனிச்சரிவைப் பற்றிப் பேசுகிறவனை வேறு என்னவென்று அழைப்பது? கனடாவுக்கு வந்த புதிதில் அவன் மூன்று குளிர்காலம் மேற்கே, மலைக்குள் இருந்த ஒரு பனிச்சறுக்கு விடுதியில் கோப்பை கழுவினான். புயல் அடித்து ஓய்ந்த காலைகளில் விடுதிக் காவல்காரர் பனி சரியுமா என்று மலைச்சரிவுகளைச் சோதிக்கப் புறப்படுவார்கள். பனி அள்ளும் சவல் தூக்க ஆள் போதாவிட்டால் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து இவனையும் இழுத்துக்கொண்டு போவார்கள்.

பனியைச் சதுரத் தூணாக வெட்டி, அதன் தலையில் சவலைக் கவிழ்த்து வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து ஓங்கிப் பத்து. நாலைந்து தட்டிலேயே தூண் உடைந்து வழுக்கினால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. சீமோன் இதைக் கண்ணால் பார்த்தே பிடித்துக்கொண்டான். பிறகு வேரோனிக்காவைக் கட்டி ரொறன்ரோவுக்கு வந்து, ஒரு தேவாலயத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தான். வித்தைக்கு இங்கே வேலையில்லை. கேலிக்குத்தான் உதவியது.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஜனவரியில் பனி கொட்டியது பாருங்கள், நகரமே மண்டியிட்டுவிட்டது. அந்தக் கிழமை முடிவில்தான், அதே தேவாலயத்துக்கு வரும் யோசப்பரின் மகள் ஜெசிகாவுக்குக் கலியாணம். தேவாலயத்தின் கூரையோ செங்குத்தான தகரம். பிரதான வாசல் நேரே அதன் கீழே. கலியாணம் முடிந்ததும் நம்மவர் என்ன செய்வார்கள்? வாசற்படிகளில் குடும்பம் குடும்பமாக நின்று, வீடியோக்காரன் போதும் என்று கெஞ்சும்வரை படம் எடுப்பார்கள். யோசப்பர் முதல் நாளே கேட்டுவிட்டார்.

"சீமோன், கூரைப் பனி சரியுமோ எண்டு நீர் ஒருக்கா ஏறிப் பாரும். உம்மட சொல்லை நம்பித்தான் சனத்தைப் படியில நிப்பாட்டப்போறன்."

கலியாணத்தன்று சீமோன் காலை எட்டு மணிக்கே ஏணி வைத்து ஏறினான். மேலே புதுப்பனி, நடுவில் இறுகியது, அடியில் புதுவருடத்து மழை உறைந்த மெல்லிய கண்ணாடிப் படை. தூண் வெட்டித் தட்டினான். இருபத்தெட்டாவது தட்டில்தான் உடைந்தது. நல்ல உறுதி. இறங்கி வந்து யோசப்பரிடம், "பயமில்லை அண்ணை" என்றான். அந்தச் சொல்லில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பத்து மணிக்கு என்று அச்சடித்த கலியாணம். பெண்ணுக்கு ஒஷாவாவில் அலங்காரம், வழியெல்லாம் பனி. பன்னிரண்டரைக்குத்தான் வந்தாள். அதற்குள் பட்டுச்சேலைப் பெண்கள் கோட்டைக் கழற்றிவிட்டுக் குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தார்கள். "தம்பி, ஹீற்றைக் கூட்டும். பட்டுக்கு மேல கோட்டுப் போட்டுக்கொண்டு வீடியோவில நிக்கேலுமே?" என்றார் யூஜினி அன்ரி, மாப்பிள்ளையின் தாய். சீமோன் கூட்டினான். இன்னும் குளிருது என்றார்கள். மறுபடியும் கூட்டினான்.

பூசை முடியப்போகும் நேரம், வாசலோரம் நின்றவனுக்குச் சொட்டுச் சத்தம் கேட்டது. கதவை நீக்கிப் பார்த்தான். கூரை விளிம்பு நெடுகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேலே இரண்டு மணி வெயில், கீழே முந்நூறு பேரின் மூச்சும் சூடும். அவன் சோதித்தது காலை எட்டு மணிப் பனியை. மலைக்கு உள்ளே ஹீற்றர் இல்லை. இந்தக் கூரைக்கு இருந்தது; அடியிலிருந்த கண்ணாடிப் படை உருகி வழுக்கத் தொடங்கியிருக்கும். அதைக் கூட்டியதும் அவன் கைதான்.

கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, பூசை முடிந்த கையோடு யோசப்பரிடம் போனான். "அண்ணை, முன்வாசலால ஒருத்தரும் போகக்கூடாது. குசினிக் கதவால போவம்."

"உமக்கென்ன விசரே? பொம்பிளை மாப்பிள்ளையைக் குப்பைத்தொட்டி வைக்கிற பக்கத்தாலயோ கூட்டிக்கொண்டு போறது? காலமை நீர்தானே பயமில்லை எண்டனீர்?"

சுற்றி நின்ற எல்லோரும் திரும்பினார்கள்.

"ஓம், சொன்னனான். பிழையாச் சொல்லிப்போட்டன்," என்றான் சீமோன், எல்லோருக்கும் கேட்க. "என்னை எவ்வளவும் பேசுங்கோ. சாவி தரமாட்டன்."

யோசப்பர் முகம் கறுத்தது. ஆனாலும் நடந்தார். கலியாண ஊர்வலம் சமையல் பானைகளையும் தேத்தண்ணிக் கோப்பைகளையும் தாண்டிக் குசினிக் கதவால் வெளியேறியது. யூஜினி அன்ரி மூக்கைப் பொத்திக்கொண்டார். கார் நிறுத்தும் இடத்தில் முதல் படத்துக்கு வரிசை கட்டும்போது, பஸ் மோதியதுபோல ஒரு சத்தம். வாசற்படிகளைக் காணவில்லை. ஆள் உயரத்துக்குப் பனி.

சீமோன் அந்தக் குவியலை நோக்கி ஓடினான். மலையில் ஒருநாள் இப்படித்தான் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று யாரோ சொல்ல, பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு மனிதனைப் பிணமாக எடுத்தார்கள். விளக்குமாற்றின் நீளப் பிடியைக் கழற்றி, பனிக்குள் ஆள் தட்டுப்படுகிறதா என்று அடிக்கு அடி குத்திக்கொண்டே போனான். வேரோனிக்கா குடும்பம் குடும்பமாகப் பெயர் கூப்பிட்டாள். எல்லாக் குடும்பமும் ஓம் என்றது. அப்போதும் அவன் கை நிற்கவில்லை.

யோசப்பர் கலியாணக் கோட்டைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, ஒரு சவலோடு வந்தார். இருவரும் படியிருந்த இடம்வரை தோண்டினார்கள். கல்லில் சவல் கிறீச்சிட்டது.

"ஒருத்தருமில்லை அண்ணை," என்றான் சீமோன்.

யோசப்பர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"படிக்கு நடுவில நானும் பிள்ளையும்தானே நிண்டிருப்பம்," என்றார். "அந்த மூலையையும் ஒருக்காக் குத்திப் பாப்பம், வாரும்."