மாமா காலுக்கு வந்த கம்ப்ரெசர்

இருபது வருஷம் கடலுக்கடியில் சங்கு எடுத்த என் மாமா, வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் ஊர் திரேஸ்புரமே சிரித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மாமாவும் சேர்ந்துதான் சிரித்தார்.

ஆபரேஷனுக்கு மறுநாள் நர்ஸ் அக்கா ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டினார். அதிலிருந்து இரண்டு குழாய்கள். அவற்றின் முனையில் கெண்டைக்காலைச் சுற்றிக் கட்டுகிற உறைகள். "கம்ப்ரெஷன் மெஷின் அண்ணாச்சி" என்றார். மாமாவின் காதில் அது கம்ப்ரெசர் என்று விழுந்தது. சிரிப்பு அத்தோடு நின்றது.

படகில் கம்ப்ரெசரை ஓடவிட்டு, அது அனுப்பும் காற்றைக் குழாய் வழியாக வாயில் வாங்கிக்கொண்டுதான் மாமா மூழ்குவார். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் கால் விளங்காமல் போய்விடும். அவருடைய கூட்டாளி ஒருவர் அப்படிப் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை.

"மூச்சுக்கு வார காத்தே காலக் கொண்டுபோவுது. இது நேரா காலுக்கே காத்தடிக்கும்லா? எடுங்க சிஸ்டர்!"

அசையாமல் கிடக்கிற காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, காற்று உறைக்குள்தான் போகும், காலை அமுக்கிவிடும், அவ்வளவுதான் என்று நர்ஸ் அக்கா படித்துப் படித்துச் சொன்னார். டாக்டர் அதட்டினார். அம்மா தன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமா மசியவில்லை.

மத்தியானம் அப்பா வந்தார். கடலில் மாமா மூழ்கியிருக்கும்போது படகில் குழாயைப் பிடித்தபடி இருந்து, ஆபத்தென்றால் மேலே இழுக்கிறவர் அவர்தான். எங்கள் பக்கத்தில் அந்த வேலைக்கு மச்சானைத்தான் வைப்பார்கள். மச்சினனைக் கடலில் விட்டுவிட்டு எவனும் பெண்டாட்டி முகத்தில் முழிக்க முடியாது அல்லவா?

அப்பா வாதம் எதுவும் செய்யவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து குழாயைக் கையில் எடுத்தார்.

"நான் புடிச்சிருக்கேம்லே. போட விடு."

மாமா காலை நீட்டினார். உறை முதல் தடவை உப்பியதும், "மச்சான், இழும், இழும்!" என்று கத்தினார். "சும்மா கெடலே, ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. அப்புறம் மாமா கத்தவில்லை.

சாயங்காலம் அப்பா டீ வாங்கப் போகும்போது குழாயை என் கையில் கொடுத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கொஞ்ச நேரம் பிடித்தேன். பிடித்தாலும் விட்டாலும் பெட்டி ஒரே மாதிரிதான் உறுமியது. விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

"ஏளா, புடிச்சிருக்கியா?" என்றார் மாமா.

"புடிச்சிருக்கேன் மாமா."

ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முறையாகக் குறட்டை விட்டுத் தூங்கினார். என் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி எனக்கு ஒரே பெருமை. அப்பா வந்ததும் வராண்டாவுக்கு ஓடினேன்.

"யாரும் புடிக்காமலே அது பாட்டுக்கு ஓடுதுப்பா. புடிச்சிருக்கேன்னு சும்மா சொன்னேன், மாமா தூங்கிட்டாவ!"

அப்பாவின் முகம் கறுத்தது. டீ வாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே விரைந்தார். குழாயை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். மாமா விழிக்கும்வரை விடவில்லை.

பிடிக்கத் தேவையில்லை என்பது அப்பாவுக்கும் தெரியும். பிறகு எதற்கு இந்தக் கோபம் என்று வெகுநாள் குழம்பினேன். மாமா கண்ணை மூடியது என் சொல்லை நம்பித்தான் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.