ஆவணி முகூர்த்தமும் அலோன் வெள்ளமும்

ரங்கூனில் அப்போது இருந்த நம் ஜனங்களின் புத்தியை என்னவென்று சொல்வது! கடல் தாண்டி வந்து, பர்மா அரிசியைத் தின்று, பர்மா மழையில் நனைந்துகொண்டே, கல்யாணத்துக்கு நாள் பார்க்க மட்டும் மதுரைப் பக்கத்துப் பஞ்சாங்கத்தைப் பிரிப்பார்கள். ஆவணி நல்ல மாதம், முகூர்த்தம் நிறைய என்று அது சொல்லும். அங்கே ஆவணியில் வெயில் காயும். இங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். மழைக்கு ஓலை மாற்றுவது, விறகு சேர்ப்பது எல்லாம் ஊர் வழக்கப்படி ஐப்பசியில். ஐப்பசியில் இங்கே மழை மூட்டை கட்டிவிடும்.

என் கல்யாணமும் அப்படித்தான் ஓர் ஆவணியில் குறிக்கப்பட்டது. முதல் யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ரங்கூன் ஆற்றங்கரையில் அலோன் துறையில் அரிசி மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு அப்பா மேஸ்திரி. அம்மா எனக்கு விவரம் தெரியும் முன்பே போய்விட்டாள். மாப்பிள்ளை கியாக்டடா பேட்டையில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. கோயிலில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டாவது தடவை அவரும் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? அவருடைய அம்மாவுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. ஊரில் அண்ணன் மகள் இருக்கும்போது ரங்கூனில் பிறந்தவள் எதற்கு என்று அரைமனதாகத்தான் தாம்பூலம் மாற்றினார். ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், இந்தக் கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எதிரே உயரமான மரத்தூண்கள் மேல் நின்ற வீட்டில் ஒரு பர்மாக்கார அம்மாள் இருந்தாள். நாங்கள் அவளை டோடோ என்போம். பர்மியர்கள் அத்தை, சித்தி முறைக்காரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடைத்தெருவில் கற்ற தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவாள். பந்தல் போடுவதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“வா மாசத்துல யாராச்சும் கல்யாணம் வைப்பாங்களா, மேஸ்திரி?”

வா என்பது பிட்சுக்கள் மடத்தை விட்டு அசையாத மழைக்கால விரதம். அது முடியும்வரை பர்மியர் வீட்டில் கல்யாணப் பேச்சே கிடையாது.

“அது உங்க வழக்கம். எங்களுக்குப் பஞ்சாங்கத்துல நாள் இருக்கு” என்றார் அப்பா, மீசையைத் தடவிக்கொண்டு.

பஞ்சாங்கத்தில் நாள் இருந்தது. தெருவில் தண்ணீர் போக வழி இல்லை. சாக்கடையைத் தூர்வார வேண்டிய காண்ட்ராக்டர் சித்திரையிலிருந்தே இதோ, அதோ என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். போதாக்குறைக்கு அப்பா அந்தச் சாக்கடைக்குள்ளேயே பந்தல்கால்களை நட்டார். முளைக்குச்சி அடிக்க அங்கேதான் மண் இளக்கமாக இருந்ததாம்!

முகூர்த்த நாள் விடிந்தபோது மழை சாட்டையால் அடிப்பதுபோல் அடித்தது. ஆற்றிலும் கடல் ஓதம் ஏறியிருந்தது. சாக்கடைத் தண்ணீர் ஆற்றுக்குப் போகாமல் திரும்பி எங்கள் தெருவுக்கே வந்தது. தரையோடு தரையாக இருந்த எங்கள் வரிசை வீடுகளில் முழங்காலுக்கு மேல் வெள்ளம். பந்தல் சாய்ந்தது. கட்டியிருந்த வாழை இரண்டும் பெயர்ந்து தெருவோடு கிளம்பிவிட்டன. மேளக்காரரின் தவில் ஊறிப்போய், தட்டினால் தொப் தொப்பென்றது. அப்பா தலையில் கைவைத்துக் கட்டில்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் ஆள் ஒருவன் தண்ணீரை அளைந்துகொண்டு ஓடிவந்தான். மாப்பிள்ளை வீட்டார் டிராம் ரோட்டு மேட்டில் குதிரை வண்டியிலேயே இருக்கிறார்களாம். சகுனம் சரியில்லை, தையில் பார்க்கலாம் என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பினாராம்.

தையில் பார்க்கலாமாம்! தைக்குள் அண்ணன் மகள் கப்பலேறி வந்து இறங்கிவிடமாட்டாளா?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்பா, நீங்க தலையில கை வெச்சா தண்ணி வடிஞ்சிடுமா? எழுந்திரிங்க!” என்று கத்திவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறினேன். மேலே தரை காய்ந்து பளபளவென்று இருந்தது.

“டோடோ, உங்க வீட்ல வெச்சு எனக்குத் தாலி கட்டணும்.”

அவள் சிரிக்கவில்லை. புத்தர் மாடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“கல்யாணம் உங்களுது, வீடு மட்டுந்தான் என்னுது. பாவம் வராது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஹோமத்துக்குத் தன் பெரிய இரும்புச் சட்டியில் மணல் கொட்ட ஆரம்பித்தாள். “கீழே கட்டியிருக்கு பார் என் சம்பான் படகு, அதை எடுத்துட்டுப் போ. மாப்பிள்ளையைப் பிடிச்சிட்டு வா!”

மணப்பெண் மாப்பிள்ளையை அழைக்கப் போவதா? புரோகிதர் காதைப் பொத்திக்கொண்டார். நான் படகில் ஏறிவிட்டேன். அப்பாவுக்கும் அப்போதுதான் ரோஷம் வந்தது. குழாயடி வரைக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தார். அவருடைய ஆட்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் படகைத் தள்ளினார்கள்.

மேட்டில் வண்டிக்குள் அந்த அம்மாள் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

“அத்தே, மணை போட்டாச்சு. முகூர்த்தம் இன்னும் இருக்கு. வாங்க.”

“பொண்ணா நீ? கூச்சமில்லே? இந்தத் தண்ணியில என்னை இறங்கச் சொல்றியா?”

அதற்குள் மாப்பிள்ளை வண்டியிலிருந்து குதித்தார். பூட்ஸைக் கழற்றி, கயிற்றை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“அம்மா, நீங்க தையில வாங்க. நான் இப்பவே போறேன்.”

அடடா! அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏழேழு ஜன்மம் அவருக்குச் சோறாக்கிப் போடலாம்.

மகன் போனபின் அம்மா என்ன செய்வார்? ஆனால் ஆடும் படகில் ஏறமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஆட்கள் ஒரு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, இரண்டு மூங்கிலைக் கொடுத்துக் கட்டி, கப்பலில் பெரிய பெட்டி ஏற்றுவதுபோல் தோளுக்குத் தூக்கினார்கள். “ஏலேலோ ஐலசா!” முதலில் ஐயோ, அம்மா, முருகா என்று அலறினார். பாதி வழியில் குரல் மாறியது.

“டேய், அன்ன நடை நடந்தா முகூர்த்தம் நிக்குமாடா? எட்டி வைங்கடா!”

டோடோ வீட்டு மாடியில் இரும்புச் சட்டியில் அக்கினி எரிந்தது. புரோகிதர் மாங்கல்யத்தை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம் என்று கையை உயர்த்தினார். தவில் தொப்பென்றது. எல்லோரும் விழித்தார்கள். அபசகுனச் சத்தத்தை அமுக்க மேளம் இல்லை; யாராவது தும்மினால் தீர்ந்தது.

அத்தை சரசரவென்று ஜன்னலுக்குப் போனார். கீழே வெள்ளத்தில் நின்ற ஆட்களைப் பார்த்து எட்டிக் கத்தினார்.

“என்னைத் தூக்கிட்டு வந்தப்போ அந்தக் கத்துக் கத்தினீங்களே! இப்ப என் மருமக கழுத்துல தாலி ஏறுதுடா. கத்துங்கடா!”

வீடே கிடுகிடுக்க ஏலேலோ எழுந்தது. மருமகள் என்று அவர் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை.