விடியற்காலையில் மாறிய தேதி

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கடைகளுக்கும் மண்டபங்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுக்கிறோம். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எழுதுவது என் வேலை. அதியமான்கோட்டையிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவேன். மகள் கண் விழித்துவிட்டால் வீட்டில் ஒரு வரிகூட எழுத முடியாது. அதனால் அவள் எழுவதற்கு முன், விடியற்காலையில் கொஞ்ச நேரம் லேப்டாப்பைத் திறந்துகொள்வேன்.

அப்படி ஒரு விடியலில்தான் அது கண்ணில் பட்டது. கல்யாண மண்டபம் ஒன்றுக்கு முன்பதிவுப் பக்கம் செய்துகொண்டிருந்தோம். காலண்டரில் வெள்ளிக்கிழமையைத் தொட்டேன். பதிவாகிவிட்டது என்று வந்த செய்தியில் வியாழக்கிழமை இருந்தது. விரல் தவறியிருக்குமோ என்று மறுபடி தொட்டேன். மறுபடியும் வியாழன்.

அலுவலகம் போய், எங்கள் குழுவை நடத்தும் லீடிடம் காட்டினேன். அங்கே வெள்ளி வெள்ளியாகவே பதிவானது. எத்தனை முறை தொட்டாலும் சரியாகவே வந்தது. அவர் பெங்களூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், கெட்டிக்காரர்தான். தூக்கக் கலக்கத்தில் பார்த்திருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குத் திரும்பிவிட்டார். பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. என் கண்ணால் பார்த்ததை இல்லை என்று ஒப்புக்கொள்ள நான் தயாராக இல்லை.

மறுநாளும் விடியலில் உட்கார்ந்தேன். மறுபடி வியாழன். எங்கள் ஆட்கள் இப்படிப்பட்ட நேரத்தில் நிரலுக்குள் பத்து இடத்தில் 'இங்கே வந்தேன்' என்று திரையில் அச்சிடச் சொல்லிவிட்டு, எது வருகிறது எது வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. தேதி சேமிக்கப்படும் வரியிலேயே பிரவுசரை நிறுத்தினேன். நிரல் அப்படியே உறைந்து நிற்க, அந்த நொடியில் ஒவ்வொன்றும் என்னவாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

காரணம் கிடைத்துவிட்டது. காலண்டரில் ஒரு நாளைத் தொட்டால், எங்கள் நிரல் அந்த நாளோடு அப்போதைய மணியையும் ஒட்டிக்கொண்டது. பிறகு அதை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்தது. பொது நேரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு முன்னால் யார் தொட்டாலும், அங்கே இன்னும் முந்தின நாள்தான். நாங்கள் எல்லோரும் சோதித்தது அலுவலக நேரத்தில். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

அன்று அலுவலகத்தில் நான் செய்த முதல் வேலை, திருத்துவது அல்ல. நிரல் தானாகக் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தி, மணியை வெளியிலிருந்து நாங்களே கொடுக்கும்படி மாற்றினேன். பிறகு நிரலைத் தானாகச் சரிபார்க்கும் ஒரு டெஸ்ட் எழுதினேன்: மணி விடியற்காலை நாலரை, தொட்டது வெள்ளி, வர வேண்டியது வெள்ளி. ஓட்டினேன். நடுப்பகலில், எல்லோர் கண் முன்னாலும், தவறு என்று திரை சிவப்பானது. இனி அந்தத் தவறைப் பார்க்க யாரும் விடியலில் எழ வேண்டியதில்லை.

லீடு பார்த்தார். தவறு இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் பக்கத்தை வெளியிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"விடிகாலைல யாருங்க மண்டபம் புக் பண்ணப் போறாங்க? அப்பறம் பாத்துக்கலாம், போட்டு வுடுங்க."

"நான் போட மாட்டேங்க சார். மண்டபத்துக்காரரையே கேட்டுருங்க."

எரிச்சலோடுதான் போனை எடுத்தார், ஸ்பீக்கரில் போட்டார். மண்டபத்துக்காரர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், பேச்சில் அவசரமே இருக்காது. ஆட்கள் எந்த நேரத்தில் தேதி குறிக்க வருவார்கள் என்று லீடு கேட்டார்.

"நல்ல காரியமில்லீங்களா, பிரம்ம முகூர்த்தத்துலதான் வருவாங்க. நாலு மணிக்கெல்லாம் வூட்டுக் கதவத் தட்டறாங்க. என் தூக்கம் கெடக்கூடாதுன்னுதானுங்க இந்தப் பக்கமே கேட்டேன்."

லீடு நன்றி சொல்லிப் போனை வைத்தார்.

அதோடு முடிந்துவிடவில்லை. சேமிக்கும் முன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடுங்கள், ஒரே வரிதான், சாயங்காலத்துக்குள் முடியும் என்றார். முடியும்தான். விடியல் டெஸ்ட்டும் பச்சையாகிவிடும். ஆனால் தங்கை கல்யாணத்துக்குத் துபாயிலிருந்து ஒரு அண்ணன் இரவு பதினொரு மணிக்குத் தேதி போட்டால், அப்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்; கூட்டிய நேரம் அவனை அடுத்த நாளுக்குத் தள்ளிவிடும். அதற்கும் ஒரு டெஸ்ட் எழுதி ஓட்டிக் காட்டினேன். சிவப்பு. கல்யாணத் தேதிக்கு மணி எதற்கு, வருடம், மாதம், நாள் என்று தொட்டதை அப்படியே சேமித்தால் போதாதா என்று கேட்டேன். அதற்குப் பல இடங்களில் கைவைக்க வேண்டும், இரண்டு நாளாவது ஆகும் என்றார். ஆகட்டும் என்றேன்.

"எல்லாத்துக்கும் எதுத்து நின்னா எப்படிங்க வேல ஓடும்?" என்றார்.

"தப்பான தேதில சாப்பாட்டுக்குச் சொல்லி, பத்திரிகையும் அடிச்சிட்டாங்கன்னா, அவங்களுக்கு யாருங்க பதில் சொல்றது? நான் சொல்ல மாட்டேன்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, வெளியீட்டைத் தள்ளிவைத்ததாக மண்டபத்துக்குச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொன்னபடியே திருத்தினேன். ஜனவரியைப் பூஜ்யம் என்று எண்ணும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். அதனால் மாதக் கடைசிக்கும் பிப்ரவரி இருபத்தொன்பதுக்கும்கூட டெஸ்ட் எழுதிவிட்டுத்தான் கையெடுத்தேன். பக்கம் வெளிவந்தது. தேதி மாறியதாக இதுவரை ஒரு புகாரும் இல்லை.

அதன் பிறகு அலுவலகத்தில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. யாராவது டெஸ்ட் இல்லாமல் நிரலை அனுப்பினால் நான் திருப்பி அனுப்புகிறேன். முணுமுணுக்கிறார்கள், எழுதிக் கொண்டுவருகிறார்கள். அந்த வருட மதிப்பீட்டில் என்னைப் பற்றி, 'அனுசரித்துப் போவதில்லை' என்று எழுதியிருந்தார் லீடு. ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்று கீழே இடம் விட்டிருந்தார்கள். எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.