என் மனைவி பிடித்த புரோஷே

இந்த ஊரில் இரை குத்தாமல் தூண்டில் போடுகிறார்கள். மொன்றியலுக்கு வந்த புதிதில் நான் பனியைக் கண்டேன், நிலத்துக்கடியில் ஓடும் மெட்ரோவைக் கண்டேன், பால் பொலித்தீன் பையில் விற்கப்படுவதையும் கண்டேன். எதற்கும் பெரிதாக ஆச்சரியப்பட்டதாக நினைவில்லை. அகதியாக வந்தவனுக்கு ஆச்சரியப்பட நேரம் ஏது? ஆனால் ரிவியேர் தே பிரேரி ஆற்றங்கரையில் ஒருவன் வர்ணம் பூசிய சிறு கட்டையொன்றை வீசி, சுற்றி இழுத்து, அதன் முனையில் என் கை நீளத்துக்கு ஒரு மீனைக் கொண்டுவந்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். அதைவிட அநியாயம், அந்த மீனைக் கொளுக்கியிலிருந்து கழற்றி, வயிற்றை இரண்டு தரம் தடவி, திரும்ப ஆற்றிலேயே விட்டான். பிறகு கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த வீச்சுக்கு ஆயத்தமானான்.

அவன் பெயர் றெனே. சென்ட் லோரன்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தின் கீழ்மாடிக்காரன். குளிர்காலம் முழுக்கப் பனி அள்ளும் லொறி ஓட்டுவான்; கோடையில் அவனுக்கு வேலை குறைவு, மீன் அதிகம். அந்த மீனின் பெயர் புரோஷே என்றான். ஆங்கிலத்தில் பைக் என்பார்கள். வாத்தின் அலகு மாதிரித் தட்டையான வாய், வாய் நிறையப் பல். கட்டைக்குப் பெயர் புவாசோன் நாஜேர், நீந்துகிற மீன் என்று அர்த்தம். நான் அதைப் பொய்மீன் என்றுதான் சொல்வேன். விரல் நீளம், வெள்ளி வயிறு, பச்சை முதுகு, தாடையில் சின்னதாக ஒரு தகடு, அடியில் தொங்கும் இரண்டு கொளுக்கிகள். இதைப் பார்த்து ஏமாறுகிற மீனுக்கு மூளை இருக்காது என்று நினைத்தேன்.

நான் மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்தவன். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கதிரையில் இருந்து எழுதியவன்தான், ஆனாலும் மாலையில் தோணியில் ஏறித் தங்கூசி நூலைப் பெருவிரலில் சுற்றிக்கொண்டு இருந்தால், கீழே இரையைத் தொடுவது கெளுத்தியா கொடுவாவா என்று விரல் சொல்லும். இங்கே வந்தபின் கச்சேரியும் இல்லை, கதிரையும் இல்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எட்டு மணிநேரம் நின்றபடி பெட்டி மடித்தேன். என் ஆங்கிலத்தைக் கேட்டுப் பிரெஞ்சுக்காரர் சிரித்தார்கள், என் பிரெஞ்சைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்த விஷயம் என்று இந்த மண்ணில் மிஞ்சியது மீன் ஒன்றுதான். ஆற்றைக் கண்டதும், இங்கேயாவது நான் ஒரு ஆளாக இருப்பேன் என்று நம்பினேன். அதை எல்லோருக்கும் சொல்லியும் வைத்தேன்.

என் மனைவி சறோவுக்கு மீன் என்றால் சைக்கிளில் வாசலுக்கு வருகிற பொருள். தபால் கந்தோர்க்காரர் மகள். தண்ணீரில் கால் நனைத்து வளர்ந்தவள் அல்ல. எனக்கு இரண்டு வருஷம் கழித்து, ஊரில் எல்லாவற்றையும் தனியாகத் தாங்கிவிட்டு, அவள் இங்கு வந்து சேர்ந்தாள். விமான நிலையத்திலிருந்து வரும்போதே நான் தொடங்கிவிட்டேன். இது போஞ்சூர், இது மெர்சி, பஸ்ஸில் பின்கதவால் இறங்க வேண்டும், மூலைக்கடைக்குத் தெப்பனேர் என்று பெயர், அங்கே பால் விலை கூட, வாங்காதே. நான் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டுவாள். ஒரு மனிதனுக்கு அது எவ்வளவு சுகமாக இருக்கும் என்பது பெட்டி மடித்துக் களைத்தவனுக்குத்தான் தெரியும்.

நான் மீன்பிடி அனுமதிச்சீட்டு எடுத்து முதன்முதலாகத் தூண்டில் போடப் போன அன்று, அவள் ஆற்றுக்கு வந்தது மீன் பிடிக்க அல்ல. ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், புட்டைக் கட்டிக்கொண்டு றெனேயின் வண்டியில் பின்னால் ஏறினாள். கரையில் அவன் தன்னிடம் மேலதிகமாக இருந்த தூண்டில் தடியை அவளிடம் நீட்டி, "மதாம் ஓசி," என்றான். மதாமும் பிடிக்கட்டும் என்கிறான். நான் சிரித்தேன். என் பெயரில் எடுத்த அனுமதிச்சீட்டிலேயே மனைவியும் பிடிக்கலாம் என்று அவன் விளக்கியபோது இன்னும் சிரித்தேன். அவள் சிரிக்காமல் தடியை வாங்கினாள்.

வெறும் கொளுக்கியைத் தண்ணீரில் போட என் மனம் ஒப்பவில்லை. கடையில் வாங்கிய அவித்த இறாலில் கொஞ்சம் கொண்டுபோயிருந்தேன். பொய்மீனின் இரண்டு கொளுக்கியிலும் இரண்டு இறாலைக் குத்தினேன். றெனேக்கும் நன்மை செய்வோம் என்று ஒரு இறாலை எடுத்து அவனிடம் நீட்டி, கொளுக்கியைக் காட்டினேன். அவன் "மெர்சி" என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். பிறகு என் தூண்டிலைப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னான். இறாலில் உப்புக் காணாது என்கிறான் என்று நினைத்து நானும் தலையாட்டினேன்.

அவன் சொன்னது என்ன என்பது எனக்குப் பல வாரம் கழித்துத்தான் விளங்கியது. பொய்மீனுக்குச் சத்தும் ருசியும் அதன் ஆட்டம்தான். தாடைத் தகட்டில் தண்ணீர் தள்ள, அது கீழே இறங்கி, இடமும் வலமுமாக நெளிய வேண்டும். இறாலைக் குத்தினால் பாரத்தில் அது செத்த கட்டையாக வரும். மூக்கு வளையத்தில் முடிச்சை இறுக்கிக் கட்டினாலும் அப்படித்தான். சின்னக் கண்ணியாகத் தளர விட்டுக் கட்ட வேண்டும். புரோஷேயின் பல்லுக்குத் தங்கூசி நில்லாது, அதனால் முனையில் ஒரு சாண் கம்பி வேண்டும், அதுவும் மெல்லியதாக. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், இழுவையை நிறுத்துவது. வெட்டி வெட்டி இரண்டு சின்ன இழுப்பு, பிறகு நிறுத்து. பொய்மீன் காயம்பட்ட குஞ்சு மாதிரி அந்தரத்தில் நிற்கும். பாசிக்குள் ஒளிந்திருக்கிற புரோஷே அப்போதுதான் பாயும். நான் வாவியில் பழகியது நேர்மாறு. அங்கே கயிறு தளர்ந்தால் மீன் போச்சு. என் கை நிறுத்த மறுத்தது. நான் இறாலோடு இழுத்தேன், இழுத்தேன், ஆற்றையே இழுத்து முடித்தேன்.

சறோவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, மீன்பிடியும் தெரியாது. அதனால் அவள் றெனேயின் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அவன் செய்ததை அப்படியே செய்தாள். இங்கே அவள் வேலைக்குப் போகும் தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்க இரண்டு தையல் ஓட்டி, நிறுத்தி, துணியைத் திருப்பிப் பழகிய கை அது. மத்தியானத்துக்கு முன் அவளுடைய தடி வளைந்தது. அவள் கத்தவில்லை. "இஞ்சேருங்க, இது என்ட கைய இழுக்குது," என்று மட்டும் சொன்னாள்.

நான் ஓடிப்போய்த் தடியை வாங்கப் பார்த்தேன். றெனே என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டான். மீன் இரண்டு தரம் ஓடியது, அவள் விட்டாள். நின்றது, அவள் சுற்றினாள். கரைக்கு வந்தபோது அது அவள் கையைவிட நீளம். றெனே தொப்பியைக் கழற்றி ஆட்டினான். எனக்குப் பற்றி எரிந்தது. மனைவிமேல் பொறாமைப்படுவது வெட்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது. அந்த மீன் என் சீட்டில், என் பெயரில், என் கணக்கில் பிடிபட்ட மீன், ஆனால் என் கையில் அல்ல. போய் என் கொளுக்கியில் புதிதாக இரண்டு இறாலைக் குத்தினேன்.

அந்தக் கோடை அப்படியே போனது. அவளுடைய பொய்மீன் இடப்பக்கம் சரிந்து ஓடினால், குறட்டால் மூக்கு வளையத்தை வலப்பக்கம் ஒரு மயிரிழை வளைத்து, கரையோரத் தண்ணீரில் இழுத்துப் பார்த்து, திரும்ப வளைத்து நேராக்குவாள். தண்ணீர் குளிர்ந்த நாளில் நிறுத்தத்தை நீட்டுவாள், வெயில் நாளில் சுருக்குவாள். நான் என் தூண்டிலைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு அவள் விரலைக் களவாகப் பார்த்தேன். இறாலைக் கைவிட்டேன், முடிச்சைத் தளர்த்தினேன். நிறுத்த மட்டும் பொறுமை வரவில்லை. அவள் கேட்காமலே சொல்லித் தருவாள் என்று பயந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வேன். ஊரில் வாவிப் பாலத்தில் நாலு பேர் சுற்றி நிற்க நான் கொடுவா தூக்கிய நாட்கள் நினைவுக்கு வரும். அந்த நாலு பேரும் இங்கே வந்து நின்று என்னைப் பார்க்காதது ஒன்றுதான் ஆறுதல்.

நாலு பேர் வீட்டுக்கே வந்தார்கள். எனக்கு முந்தி அறைத்தோழனாக இருந்த யாழ்ப்பாணத்துக் குலமும் அவன் மனைவியும் இன்னும் இரண்டு பெடியன்களும். சறோ பழப்புளி விட்டு, தேங்காய்ப்பாலில் புரோஷேக் கறி வைத்திருந்தாள். கவர்முள்ளுக் கூடிய மீன், ஆனாலும் அவள் முள்ளுக்குக் குறுக்கே பொடிப்பொடியாகக் கீறிச் சமைத்ததில் யாருக்கும் குத்தவில்லை. குலம் விரலைச் சூப்பினான்.

"அண்ணை, இப்பிடி மீன் கடையிலை கிடையாது. மட்டக்களப்பாற்றை கையெண்டால் கைதான்."

நான் வாய் திறக்குமுன் சறோ கறிச்சட்டியோடு வந்து, "ஓம், அவர்தான் பிடிச்சவர்," என்றாள். எங்களிடத்தில் பெண்கள் செய்கிற வேலை அது. சபையில் புருஷனுக்கு ஒரு பிடி கூடப் போடுவார்கள்.

சோற்றோடு அதையும் விழுங்கியிருக்கலாம். என்னால் முடியவில்லை. நல்லவனாக இருந்ததால் அல்ல. அவளுக்கு அள்ளிக் கொடுக்க இருக்கிறது, நான் ஏந்துகிற நிலையில் இருக்கிறேன் என்ற எரிச்சல். "இல்ல, இவதான் பிடிச்சவ. ஒவ்வொரு கிழமையும் இவதான் பிடிக்கிறவ," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "பாவம் அக்கா, அவவை நக்கலடிக்காதேங்கோ அண்ணை," என்றான் குலம். நான் சத்தியம் பண்ணப் பண்ண அவர்களுக்குச் சிரிப்புக் கூடியது.

அந்த நேரம் கதவு தட்டுப்பட்டது. றெனே. வண்டியில் சறோ மறந்துவிட்ட குறட்டைக் கொண்டுவந்திருந்தான். மேசையில் மீனைக் கண்டதும் அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சறோவைக் காட்டி, "ஷம்பியோன்!" என்றான், சாம்பியன் என்கிறான். இரண்டு கையையும் அகல விரித்து மீனின் அளவைக் காட்டினான். பிறகு ரீல் சுற்றுவதுபோல் கையைச் சுற்றிக் காட்டினான். அப்பாடா, சாட்சி வந்துவிட்டது என்று நான் குலத்தைப் பார்த்தேன்.

"பாத்தியளே," என்றான் குலம். "பெரிய சட்டி வைச்சுக் கிண்டிச் சமைச்சவவாம். வெள்ளைக்காரனுக்கும் அக்கான்ரை கறி பிடிச்சுப்போச்சு!"

றெனே தன் பேச்சு எடுபட்டது என்று மகிழ்ந்து எல்லோருக்கும் கை கொடுத்தான். சறோவும் சிரித்துக்கொண்டு அவனுக்கு ஒரு கோப்பையில் சோறு போட்டாள். எங்களைப் பற்றிய உண்மை தெரிந்த ஒரே ஆளுக்குத் தமிழ் தெரியாது.

எல்லோரும் போனபின் குசினியில் அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் புள்ள அப்படிச் சொன்னாய்?"

"மறுகா என்ன சொல்றது? நான் பிடிச்ச எண்டா அவங்கட முன்னால உங்களுக்கு மரியாதையா?"

"நான் உண்மையச் சொன்னன்தானே."

"சொன்னீங்க. ஆரு நம்பின?" அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். "இந்த ஊருல பஸ்ஸில ஏறினது, கடைக்குப் போனது, பனியில நடந்தது எல்லாம் நீங்க செய்து முடிச்ச பிறகுதான் நான். ரெண்டு வருஷம் முந்தி வந்திட்டீங்க. நான் எங்க போனாலும் நீங்க அங்க முதலே நிக்கிறீங்க. இந்த மீன் ஒண்டுதான் உங்களுக்கு முன்னம் என்ட கைக்கு வந்தது. அதையும் தூக்கி உங்களிட்டக் குடுத்திட்டன்."

பொறாமை எனக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் சுற்றிவளைப்பும் ஊரடங்கும் என்று அவள் கிடந்த இரண்டு வருஷத்தில், நான் இங்கே அகதியாக அழுதுகொண்டிருந்த அதே இரண்டு வருஷத்தை அவள் எனக்குக் கிடைத்த சொத்தாகப் பார்த்திருக்கிறாள். விமான நிலையத்திலிருந்து நான் சொன்னதற்கெல்லாம் அவள் தலையாட்டியது இந்த எரிச்சலோடுதானா என்று கேட்க நினைத்தேன். துவாயை எடுத்துக் கோப்பைகளைத் துடைத்தேன்.

மரங்கள் சிவக்கத் தொடங்கிய ஒரு ஞாயிறு, றெனே படம் உடனே வெளியே வருகிற கமரா ஒன்றைக் கரைக்குக் கொண்டுவந்தான். அன்றைக்கு நானும் ஒன்று பிடித்தேன், முழங்கைக்கும் எட்டாத சிறிசு. வீசிய பொய்மீனை நிறுத்திவிட்டு மூச்சையும் சேர்த்து நிறுத்தியதில் வந்தது. அதை நான் கொண்டாடி முடிக்குமுன், சறோவுக்கு அந்த வருஷத்திலேயே பெரியது பட்டது. றெனே எங்களைச் சேர்த்து நிறுத்தினான். அவள் காற்சட்டையும் தொப்பியுமாக, மீனை இரண்டு கையிலும் ஏந்தி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

படம் காயுமுன் அவள் சொன்னாள்: "ஊருக்கு அனுப்ப மறுகா ஒண்டு எடுக்கணும். நீங்க மீனப் பிடிங்க."

"ஏன், இதையே அனுப்பேன்."

"நான் இந்தக் கோலத்தில மீனோட நிக்கிறதக் கண்டா அம்மா அழுவா. அங்க இருக்கிற கவலையே அவவுக்குக் காணும்."

மீனை என்னிடம் தந்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, தலையைக் கையால் கோதிவிட்டு, எனக்குப் பின்னால் அரைவாசி மறைந்து நின்றாள். அவ்வளவு பெரிய புரோஷே என் கைக்கு வந்தது அதுதான் முதல் தரம். நல்ல பாரம். குளிர்ந்து வழுக்கியது. றெனேக்கு ஒன்றும் புரியவில்லை. "நோ, நோ, மதாம்!" என்று கமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினான். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு அமுக்கினான்.

அந்தப் படம் ஊருக்குப் போனது. மருமகன் பிடித்த மீனை மாமி அயலெல்லாம் காட்டியதாகக் கேள்விப்பட்டோம். அவள் மீனோடு நிற்கிற மற்றது இங்கே எங்கள் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. நம்மவர்கள் வருகிற நாட்களில் சறோ அதைக் கழற்றிக் கரண்டி போடுகிற லாச்சிக்குள் வைத்துவிடுவாள். அவர்கள் சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு படியிறங்கியதும் நான் போய் எடுத்து, அவள் முகம் நேராக இருக்கும்படி திரும்ப ஒட்டுவேன். ஒவ்வொரு முறையும் அந்த மீனைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் எரியும். ஒட்டிவிட்டுத்தான் படுக்கப் போவேன்.