வேலி வரை போன பரேடு

பேத்தி தன் கேன்வாஸ் ஷூவில் ஈரச் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை பட்டதுமே என் பள்ளி நாள் பரேடு ஞாபகம் வந்தது.

ஓசூரில் இன்று கம்பெனிச் சுவர் நீளும் இடத்தில்தான் எங்கள் பள்ளி மைதானம் இருந்தது, அதன் கோடியில் சப்பாத்திக்கள்ளி வேலி. மாணவர் படையின் கேடட் பரேடில் அன்று முதன்முறையாக என்னைக் கட்டளையிடச் சொல்லியிருந்தார்கள். பெண்பிள்ளை குரல் வாசல் தாண்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். கைவீசி, புழுதி கிளப்பி, தோழிகள் வேலியை நோக்கி நடந்துகொண்டே இருந்தார்கள். நிற்கச் சொல்லும் ‘தம்’ என்ற இந்திச் சொல் என் தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டது.

“சொல்லுடி, முள்ளு வந்துடுச்சு!” என்று முன்வரிசை முனிரத்னா அலறினாள். ஆனாலும் கட்டளை வராமல் அவள் கால் நிற்கவில்லை.

“தம்!”

என் குரலா அது? முள்ளுக்கு ஒரு சாண் முன்னால் எல்லோரும் நின்றார்கள். வேலிக்கு அப்பால், மாங்காய் ஏற்றிய மாட்டுவண்டியில் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளியை விட்டே நிறுத்திவிடுவார் என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: “உம் பொண்ணு போட்ட சத்தத்துல நம்ம மாடுங்களே நின்னுபோச்சு.”

அடுத்த பரேடுக்கு அவரே என்னை வண்டியில் கொண்டுபோய் விட்டார்.