யார்டுக்கு முறை வைத்துப் போன பெண்கள்

1. காலையில் வந்த போன்

மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். கன்டெய்னர் யார்டின் எச்.ஆர். அதிகாரியிடமிருந்து போன் வந்தது.

"மேடம், ட்ரெயினிங்குக்கு எத்தனை பேரை அனுப்பினீங்க?"

"நாலு பேர் சார்."

"நாலு பேர்தான் வர்றாங்க. ஆனா தினமும் வேற வேற நாலு பேரு! செக்யூரிட்டி இப்பதான் கவனிச்சிருக்கார். என்ன நடக்குது உங்க ஸ்கூல்ல?"

எனக்குத் தெரியவில்லை. "பார்த்துச் சொல்றேன் சார்" என்றேன். அதற்குள் மகள் இட்லியைத் துப்பிவிட்டாள். அவளை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, திருப்பாலைவனத்தில் பஸ் ஏறினேன்.

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். பக்கத்துக் கம்பெனிகளிடம் பேசி, தொழிற்பிரிவில் பிளஸ் டூ படிப்பவர்களுக்கு உள்ளுறைப் பயிற்சி வாங்கித் தருவது என் வேலை. ஐஸ் பிளான்ட், இறால் கம்பெனி என்று பல இடங்களில் ஏறி இறங்கியும் ஒருவரும் பிடி கொடுக்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகம் போகும் வழியில் இருந்த இந்த யார்டு மட்டும் நான்கு இடம் தர ஒப்புக்கொண்டது. கன்டெய்னரில் ஏறி இறங்கும் சரக்கை எண்ணிச் சரிபார்க்கும் டாலி வேலையைக் கற்றுத் தருவார்கள்.

ஊரில் அதற்கும் எதிர்ப்பு இருந்தது. சங்கீதா என்ற மாணவியின் அம்மா பள்ளிக்கே வந்து கேட்டார். "துறைமுகம் வேணாம்னு ரோட்ல குந்திக்கினு இருந்தோம் மிஸ்ஸு. இப்ப எம் பொண்ணயே அந்தப் பக்கம் அனுப்புன்றியே, நாயமா?" நியாயமா என்று எனக்கும் தெரியவில்லை. "கத்துக்கத்தானே போறாங்க அக்கா" என்று சமாளித்தேன்.

வகுப்பில் பன்னிரண்டு பெண்கள். மதிப்பெண்ணும் வருகைப்பதிவும் பார்த்து நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தேன். மோனிஷா அதில் இருந்தாள். சங்கீதா இல்லை. இப்போது இந்த இடமும் கைவிட்டுப் போனால், பிள்ளைகளை அனுப்ப எனக்கு வேறு இடமே கிடையாது.

2. "பாடு மாதிரி"

வகுப்பில் நுழைந்ததும் கேட்டேன். "யார்டுக்கு யார் யார் போனீங்க?"

பன்னிரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"நான் நாலு பேரைத்தானே அனுப்பினேன்?"

"நாலு பேராத்தான் மிஸ் போனோம்" என்றாள் மோனிஷா. "மொற வெச்சிக்கினு. பாடு மாதிரி."

நான் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ஏரி விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. சங்கீதாதான் விளக்கினாள். ஏரியில் மீன் நன்றாக விழும் இடத்தில் தினமும் ஒரே ஆட்கள் வலை போட முடியாதாம். இன்று இவர்கள், நாளை அவர்கள் என்று ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் பாடு.

"நல்ல எடத்துல ஒருத்தரே குந்திக்கினா ஊர்ல அடிதடிதான் மிஸ்" என்றாள்.

"கேட் பாஸ் எப்படிக் கிடைச்சுது?"

"பாஸ்ல பேரு ஏது மிஸ்? ட்ரெய்னி ஒண்ணு, ட்ரெய்னி ரெண்டுன்னுதான் கீது. ஹெல்மெட்டு, பச்சைக் கோட்டு மாட்டிக்கினா எல்லாரும் ஒரே மூஞ்சிதான்" என்றாள் மோனிஷா.

வகுப்பே சிரித்தது. அன்றன்று கற்றதை, மாலை பஸ்ஸில் மறுநாள் போகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். திட்டுவதா, பாராட்டுவதா? எச்.ஆருக்குப் போன் போட்டேன்.

3. யார்டில்

எல்லோரையும் அழைத்து வரச் சொன்னார் எச்.ஆர். பாடு பற்றி நான் விளக்க விளக்க அவர் முகம் இறுகியது.

"மேடம், சேஃப்டி இன்டக்ஷன் கிளாஸ் நாலு பேருக்குத்தான் எடுத்தோம். மத்த எட்டுப் பேரும் அது இல்லாம, கன்டெய்னர் தூக்கற ரீச் ஸ்டேக்கர் ஓடற இடத்துல நின்னிருக்காங்க. ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா? நீங்க பதில் சொல்வீங்களா, நான் சொல்வேனா?"

என் மகளின் முகம் வந்து போனது. அவர் சொல்வது சரி. பிள்ளைகள் செய்ததிலும் ஒரு சரி இருந்தது. இரண்டு சரிகளுக்கு நடுவே நான் என்ன செய்வது?

பக்கத்தில் இருந்த டாலி சூப்பர்வைசர் சங்கீதாவைக் காட்டினார். "சார், இந்தப் பொண்ணு இருக்கட்டும். கன்டெய்னர் கதவு சீல்ல நம்பர் தப்பா இருந்தத நான் பாக்கறதுக்குள்ள பாத்துடுச்சு."

எச்.ஆர். கடைசியாகச் சொன்னார். "நாலு பேர் சொல்லுங்க மேடம். அவங்க மட்டும் வரட்டும். இல்லைன்னா ட்ரெயினிங்கே வேணாம்."

சங்கீதாவைச் சேர்த்தால் மோனிஷாவையோ வேறொருத்தியையோ நீக்க வேண்டும். யாரை நீக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், பெண்கள் ஒரு கன்டெய்னர் நிழலில் கூடிப் பேசிவிட்டு வந்தார்கள்.

"நாலு பேராப் பிரிச்சா யாருமே வரல சார்" என்றாள் சங்கீதா.

அவள் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துப் போனேன். "பைத்தியமா உனக்கு? உன்னைத்தான் கேக்கறாங்க. நீ மட்டுமாவது இரு."

"நான் மட்டும் இருந்தா, சாயங்காலம் யாரோட மிஸ் பஸ்ல வருவேன்?"

எல்லோரும் திரும்பி வந்துவிட்டோம். பஸ்ஸில் அவர்கள் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். இருந்த ஒரே இடத்தையும் தொலைத்துவிட்டோம் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. நல்லவேளை அழுத்தவில்லை என்று அடுத்த நிமிடம் தோன்றியது.

4. வேலை யாருக்கு

அந்த வாரமே எச்.ஆர். மறுபடி கூப்பிட்டார். டாலிக்கு ஆள் போதவில்லை என்று சூப்பர்வைசர் அவரை நச்சரித்திருக்கிறார். "பன்னிரண்டு பேருக்கும் இன்டக்ஷன் எடுத்துடறோம். பாஸ்ல போட்டோ ஒட்டுவோம். எந்த நாள் யார் வராங்கன்னு முன்னாடியே சொல்லிடணும். சொல்லாம மாத்தினா கேட்டோட திருப்பி அனுப்பிடுவேன்." நான் அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னேன். மூன்றாம் முறை சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

பயிற்சி அப்படியே முடிந்தது. பரீட்சையும் முடிந்த பிறகுதான் அடுத்த போன். யார்டில் அப்ரன்டிஸ் வேலை ஒன்று இருக்கிறது, ஒரே ஒரு இடம், சங்கீதாவுக்கு.

எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. மறுபடி பன்னிரண்டு பேரும் கூடிப் பேசுவார்கள், சங்கீதா வேண்டாம் என்பாள், வேலை போய்விடும் என்றே நினைத்தேன். எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போனேன். சங்கீதா வீட்டு வாசலில் மோனிஷாவும் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"சூப்பரு!" என்று சங்கீதாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள் மோனிஷா. "எப்ப மிஸ் சேரணும்?"

நான் குழம்பிவிட்டேன். "இதுக்கு முறை இல்லையா?"

"இன்னா மிஸ் நீங்க! கத்துக்கிற எடத்துக்குத்தான் மொற. எங்க நைனா மொறப்படிதான் ஏரிக்குப் போவாரு. அதுக்குன்னு அவரு வலைல வுழுந்த மீன ஊருக்கெல்லாம் பங்கு போட்டுக் குடுப்பாரா?"

யார்டே வேண்டாம் என்றிருந்த சங்கீதாவின் அம்மாவும் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "நல்லாக் கேளுடி! மிஸ்ஸு படிச்சவங்க, அவங்களுக்கு இதெல்லாம் மெதுவாத்தான் ஏறும்."

நானும் சேர்ந்து சிரித்தேன்.

என்னைப் போல் பயிற்சி வாங்கித் தரும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கம்பெனிக்காரர் நான்கு இடம் என்றால் உடனே நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க உட்காராதீர்கள். வகுப்பு முழுவதற்கும் பாதுகாப்புப் பயிற்சி தரச் சொல்லி முதலில் கேளுங்கள். முறை வைத்து வரலாமா என்றும் கேளுங்கள். வேலைக்குத் தகுதியானவர் யார் என்பது அதற்குப் பிறகு தானாகத் தெரியும். எல்லா ஊருக்கும் இது பொருந்துமா என்றால், தெரியவில்லை.

கிளம்பும்போது மோனிஷாவிடம் தனியாகக் கேட்டேன். "உனக்கு வருத்தமே இல்லையா?"

"ஏன் இல்லாம? கீது மிஸ்" என்றாள். "எனக்கும் ஒரு எடம் பாருங்க."

மறுநாள் காலை ஆரம்பாக்கம் பக்கத்துக் கம்பெனிகளில் விசாரிக்கக் கிளம்பினேன்.