டெம்பரிங் ஆனதாகச் சொன்ன அட்டை

வேலூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகள் அனுப்பும், தோல் வெட்டும் டை, ஓட்டை போடும் பஞ்ச் எல்லாவற்றையும் உலையில் பழுக்கக் காய்ச்சி இறுக்கிக் கொடுப்பது எங்கள் தொழில். நான் பத்தாவது வரை படித்தவன். யாரோடும் அதிகம் பேச மாட்டேன். உலைக்கு முன்னால் நிற்பவன் பேச வேண்டியதில்லை என்பதாலேயே இந்த வேலையில் இருபது வருடம் ஓடிவிட்டது.

வருகிறவர்களில் பாதிப் பேர், "டெம்பர் ஜாஸ்தியா ஏத்திக் குடுங்க" என்பார்கள். இரும்பைக் கடினமாக்குவதுதான் டெம்பர் என்று அவர்கள் நினைப்பு. செக்கச் சிவந்த எஃகை எண்ணெயில் முக்கியதும் அது கடினமாகிவிடும், கூடவே கண்ணாடி மாதிரியும் ஆகிவிடும். ஓங்கி ஓர் அடி விழுந்தால் தெறிக்கும். அதைத் திரும்பச் சின்ன அடுப்பில், கொதிக்கிற தண்ணீரைப் போல இரண்டு பங்கு சூட்டில், இரண்டு மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். கடினம் கொஞ்சம் குறையும், அடி தாங்கும் பக்குவம் வரும். அதுதான் டெம்பரிங்.

ஒவ்வொரு பெட்டியோடும் ஓர் அட்டை போகும். அதில் ஆர்டனிங், அதாவது இறுக்குவது, ஆயிற்று, டெம்பரிங் ஆயிற்று என்று இங்கிலீஷில் ரப்பர் ஸ்டாம்ப், கீழே என் கையெழுத்து. மத்தியானத்துக்கு மேல் கையெல்லாம் எண்ணெய், அட்டை கறையாகிவிடும். அதனால் காலையில் உலைக்குக் கற்பூரம் காட்டியதும் அன்றைய அட்டைகள் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக ஸ்டாம்ப் குத்திக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஓனர் பழக்கிய வழக்கம். ஒருநாளும் தப்பாகத் தோன்றியதில்லை.

அன்று சாயங்காலம் மேஜைமேல் இரண்டு பெட்டிகள் இருந்தன. இரண்டிலும் ஷூ கயிறு கோக்க ஓட்டை போடும் பஞ்ச், பன்னிரண்டு பன்னிரண்டு. ஒன்று முடிந்தது. இன்னொன்று எண்ணெயிலிருந்து எடுத்தது, அடுப்பில் இடம் இல்லாமல் காத்திருந்தது. கம்பெனி வண்டி டிரைவர் வந்தபோது நான் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"இன்னா தோஸ்த், இன்னிக்காச்சும் வாயத் தொறப்பியா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு ஒரு பெட்டியைத் தூக்கினான்.

எந்தப் பெட்டி என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டால் அதற்கும் ஏதாவது கிண்டல் செய்வான். நினைத்து முடிப்பதற்குள் வண்டி போய்விட்டது. கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போகவும் இல்லை, நேராக வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் பார்த்தால் முடிந்த பெட்டி மேஜைமேலேயே இருந்தது. ஓனர் தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டப் போயிருந்தார், போன் அணைந்திருந்தது. டிரைவரும் போனை எடுக்கவில்லை. அந்தப் பஞ்சை மாட்டும் மிஷினில் வேலை செய்யும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தோலில் வைத்த குறி தெரிய வேண்டும் என்று பஞ்சுக்குப் பக்கத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு மிதிப்பார்கள். பஸ் ஏறினேன். ஆம்பூர் வரை உட்காரத் தோன்றவில்லை.

கேட்டில் செக்யூரிட்டி விடவில்லை. "பாஸ் இல்லாம யாரையும் விடக் கூடாதுண்ணே" என்று சொல்லி, நேற்று வந்த பஞ்ச் விஷயம் என்று தரம் பார்க்கும் ஆபீசரைக் கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர். பெட்டியோடும் அட்டையோடும் வந்தார்.

"நேத்து வந்ததுல டெம்பரிங் ஆகல சார்."

"அப்ப சாஃப்டா இருக்கும், சீக்கிரம் தேயும். அதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?"

"இல்ல சார். ஒடையும்."

அட்டையை நீட்டினார். "ஆச்சுன்னு போட்டிருக்கே. யார் கையெழுத்து இது?"

"என்னுது."

"அப்ப நீங்க பொய்யா, கார்டு பொய்யா?"

என்ன சொன்னாலும் நான்தான் பொய். பெட்டியிலிருந்து ஒரு பஞ்சை எடுத்தேன். கேட் ஓடும் தண்டவாளத்தில் வைத்து, கைக்குட்டையை நாலாக மடித்து மேலே போட்டு, கேட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லால் ஓர் அடி அடித்தேன். துணியைத் தூக்கியபோது மூன்று துண்டு. நான்காவது துண்டு துணியைக் குத்திக்கொண்டு நின்றது.

ஆபீசர் பெட்டிக்குள் பார்த்தார். உடைத்தது போக மீதி பத்துதான். ஒன்றை ஏற்கெனவே மாட்டியிருந்தார்கள். அவர் ஓடினார்.

நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே மிஷின்கள் டக் டக் என்று விழுந்துகொண்டிருந்தன. அதில் எது அந்த மிஷின் என்று தெரியவில்லை. ஒவ்வொரு டக்குக்கும் கண்ணை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு பஞ்சோடு திரும்பி வந்தார். முழுசாக இருந்தது, முனையில் மட்டும் மயிர்க்கோடு போல ஒரு விரிசல். பின்னாலேயே அந்த மிஷினில் இருந்த பெண்ணும் வந்தாள்.

"நல்லாத்தான சார் வெட்டிச்சு? என் டார்கெட்டு போச்சு. இவரா நிறுத்தச் சொன்னது?" என்று என்னை முறைத்தாள். அவள் நெற்றியில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அதைத்தான் பார்த்தேன், கண்களைப் பார்க்கவில்லை.

அட்டையில் ஸ்டாம்புக்குக் கீழே 'டெம்பரிங் ஆகவில்லை' என்று இங்கிலீஷில் எழுதி இன்னொரு கையெழுத்துப் போடச் சொன்னார் ஆபீசர். எழுதினேன். ஒரே அட்டையில் ஆயிற்று என்றும் ஆகவில்லை என்றும் என் பெயர் இரண்டு தடவை இருந்தது.

ஓனர் திட்டவில்லை. "போன்ல சொல்லிப் பெட்டியத் திருப்பி வாங்கியிருக்கலாம், எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியே" என்றார். வேலையிலிருந்து நிறுத்தவும் இல்லை. அந்தக் கம்பெனிக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியையும் நானே கொண்டுபோக வேண்டும் என்று ஆபீசர் சொல்லிவிட்டார். வாரம் இரண்டு தடவை அந்த கேட்டில் நிற்கிறேன். "டெம்பரிங் ஆச்சா?" என்று செக்யூரிட்டி முன்னாலேயே ஆபீசர் கேட்பார். வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஸ்டாம்ப் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. பையெல்லாம் ஊதாக் கறை. காலையில் கற்பூரம் அணைந்ததும் ஓனர், "கார்ட எல்லாம் முடிச்சிடுப்பா" என்கிறார், எதுவும் நடக்காத மாதிரி. நான் அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். டிரைவர் ஆரன் அடிப்பான், ஓனர் மணி பார்ப்பார். இரண்டு மணி நேரம் ஆகும்வரை நான் பையில் கை வைப்பதில்லை.